ஒரே பக்கத்தில் வராத பள்ளி

கல்வித் துறையின் துணைச் செயலாளருக்கு அலுவலகத்தில் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அது தன் பெயர்தான் என்று அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. யார் எவ்வளவு நீளமாகக் குறிப்பு எழுதி அனுப்பினாலும் பாதியாக வெட்டித் திருப்பி அனுப்புவார். வெட்டிய பிறகு படித்துப் பார்த்தால் ஒன்றுமே குறைந்திருக்காது. எழுதியவருக்கு வயிறு எரியும், எதிர்த்துச் சொல்ல வாய் வராது.

அப்படிப்பட்டவரிடம்தான் அரசுப் பள்ளிகளை ஆளும் முறையையே மாற்றி எழுதும் வேலை வந்து சேர்ந்தது. அதுவரை பள்ளிகளுக்கு நாலு எஜமானர்கள். பாடமும் பரீட்சையும் கல்வித் துறை கையில். கட்டடம் நகராட்சியிடம். ஆலைக் குடியிருப்புகளில் இருந்த பள்ளிகள் தொழிலாளர் துறைக்கு. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகள் நலத் துறைக்கு. ஒரு ஜன்னல் உடைந்தால் அதை யார் மாட்டுவது என்று இரண்டு அலுவலகங்கள் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொள்ளும். அதற்குள் மழைக்காலம் வந்து, நனைக்க வேண்டியதையெல்லாம் நனைத்துவிட்டுப் போய்விடும். நாலு மாமியாருக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள் பிழைப்பு என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஒழித்துவிட்டு மேலே ஒரே இயக்ககம், அதன் கீழே மண்டலங்கள், அவற்றின் கீழே பள்ளிகள் என்று ஒரே சங்கிலியாகக் கோப்பதுதான் திட்டம். நல்ல காரியம். அவரும் மனதார உழைத்தார். ஆசிரியர் சங்கங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பதவி பறிபோகிறதே என்று மூக்கைச் சிந்திய அதிகாரிகளைத் தேற்றினார். நாலு துறையும் தங்கள் பள்ளிகளை விட்டுக்கொடுக்கச் சம்மதித்ததே அவருடைய பொறுமையால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

கடைசியில் எல்லாம் ஒரு வரைபடத்தில் வந்து நின்றது. கட்டம் கட்டமாகப் போட்டு, எதன் கீழ் எது வரும் என்று கோடிழுத்துக் காட்டும் வரைபடம். மறுநாள் மந்திரி முன்னால் திரையில் போட வேண்டும். துறையின் செயலாளர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"ஒரே பக்கத்துல வரணும். மந்திரி கண்ணாடி போடாமப் படிக்கணும். அவர் கண்ணாடியைத் தேட ஆரம்பிச்சாருன்னா நம்ம காரியம் அவ்வளவுதான்."

ஒரே பக்கத்தில் வரவில்லை. கட்டங்களைக் குறுக்கினால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிறது, எழுத்தைப் பெரிதாக்கினால் கட்டம் வெளியே வழிகிறது. பிரிவின் கணினியை இயக்கும் பெண் மதியத்திலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனத்தின் குளிர் தாங்காமல் கோடைகாலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் பெண் அவள். துணைச் செயலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வலது மூலையில் தனியாக ஒரு சின்னக் கட்டம் துருத்திக்கொண்டிருந்தது. காது கேளாதோர் பள்ளிகள் பிரிவு.

"இதை எடுத்துடும்மா. எல்லாம் பெரிசாயிடும்."

"சார், இது எங்கயாவது வரணுமே?"

"பின்னிணைப்புல போட்டுக்கலாம். எடு, எடு."

அவள் எடுத்தாள். மற்ற கட்டங்கள் மூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தன. எழுத்து பெரிதானது. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. துணைச் செயலாளர் அவளைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மந்திரி கண்ணாடி இல்லாமலே படித்தார். கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பின்னிணைப்பு என்ற ஒன்றை எல்லோரும் மறந்தார்கள். அது தன் வேலை என்பதைத் துணைச் செயலாளரும் மறந்தார். வரைபடத்தைச் சட்டம் போட்டு எல்லா அலுவலகங்களிலும் மாட்டினார்கள். இங்கேதான் சங்கதி. அரசாணையில் அந்தப் பள்ளிகள் உண்டு. ஆனால் அதை எடுத்து வரி வரியாகப் படிக்கிற வழக்கம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது? சந்தேகம் வந்தால் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். பள்ளிகளுக்கான புது இணையதளத்தைச் செய்தவர்களும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் செய்தார்கள். சுவரில் இருக்கும் பள்ளி உண்டு, சுவரில் இல்லாத பள்ளி இல்லை என்று ஆகிவிட்டது.

துணைச் செயலாளரின் தங்கை ஒரு காது கேளாதோர் பள்ளியின் தலைமையாசிரியை.

கட்டத்தை எடுக்கச் சொன்னபோது தங்கையின் ஞாபகம் அவருக்கு வரவே இல்லை. பிற்பாடு இதை நினைத்து நினைத்து அவர் கூசிப்போனது ஒரு பங்கு. ஞாபகம் வந்திருந்தால் எடுத்திருக்க மாட்டோம், வேறு யாருடைய தங்கை பள்ளியையாவது எடுத்திருப்போம் என்று தோன்றியபோது கூசியது இன்னொரு பங்கு. எது பெரியது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அண்ணே, எங்க பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்குப் பதிய முடியலண்ணே. இணையதளத்துல எங்க பள்ளிக்கூடமே இல்ல. மண்டல ஆபீஸுக்குப் போனா, நீங்க எங்களுக்குக் கீழ வரலம்மான்னு சுவத்தைக் காட்டுறான். நலத் துறைக்குப் போனா, உங்களை ஒப்படைச்சாச்சே, இன்னும் எதுக்கு இங்க வர்றீங்கன்னு கேக்குறான். பதியறதுக்குக் கடைசித் தேதி நெருங்கிட்டிருக்கு. நான் யார்கிட்டதான் போவேன்?"

அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. துருத்திக்கொண்டிருந்த அந்தக் கட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"எந்த மடையன் விட்டான்னு தெரியல" என்றாள் தங்கை. "விட்டவன் கையில கிடைச்சா, எங்க சுட்டி முன்னால கொண்டுபோய் நிறுத்துவேன். அவ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லட்டும்."

சுட்டி பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண். ஐந்து வயதுவரை நன்றாகக் காது கேட்டவள். ஒரு காய்ச்சலில் போனது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். அவள் எதிரில் ஆசிரியர்கள் ரகசியம் பேசுவதென்றால் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் பேச வேண்டும் என்று தங்கை பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் கையாலேயே பேர் வைப்பார்கள் என்பதும் தங்கை சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தங்கையின் பேர், சரியும் மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிடுவது. சமையல்காரரின் பேர், வயிற்றைத் தடவிக்கொள்வது. எனக்கு என்ன பேர் என்று ஒருமுறை இவர் ஆசையாகக் கேட்டதற்கு, நீ எதாவது செஞ்சாத்தானே வைப்பாங்க என்று வாரிவிட்டாள்.

"பார்க்கிறேன்" என்றார் இப்போது. அவருடைய குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"நீ இருக்கிற தைரியத்துலதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். நான்தான் அந்த மடையன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேட்டிருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், பிறகு சரி எப்படிச் சரிபண்ணலாம் என்று அவளே கேட்டிருப்பாள். அவர் மென்று விழுங்கிவிட்டார்.

மறுநாளே வேலையில் இறங்கினார். அதில் குறை சொல்ல முடியாது. வரைபடத்தைத் திருத்தும் ஆணைக்கு வரைவு எழுதினார், சட்டத் துறைக்கு அவரே நடந்து போனார், இணையதளக்காரர்களைப் போனில் விரட்டினார். எல்லாம் முடியும் நேரத்தில் செயலாளர் ஒரு சின்னக் கூட்டம் போட்டார். நீள மேஜை, சுவரில் சட்டம் போட்ட வரைபடம், மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. கணினிப் பெண் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"திருத்தம் சரி, கையெழுத்துப் போடுறேன்" என்றார் செயலாளர். "ஆனா இது எப்படி விட்டுப்போச்சு? மந்திரி கேட்டா நான் என்ன சொல்றது?"

மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சார்புச் செயலாளர், செயலாளருக்கு உதவுகிறோம் என்ற நினைப்பில், "வரைபடம் போடுறப்ப கணினியில விட்டுப்போயிருக்கும் சார். பொதுவா அந்தச் சமயத்துலதான் இப்படி ஆகும்" என்றார்.

எல்லோரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துணைச் செயலாளரைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அதன் ஒரு இறக்கையில் அழுக்கு அப்பியிருந்தது. அதை யாராவது துடைத்தால் தேவலை என்று ஒரு யோசனைகூட அந்த நேரத்தில் அவருக்கு ஓடியது. மனிதனுக்கு வெட்கம் கெட்டுப்போனால் மூளை எதையெல்லாம் பிடித்துத் தொங்குகிறது பாருங்கள்.

"சாரி சார்" என்றாள் அவள்.

"கவனம் வேணும்மா. இத்தனை பள்ளிக்கூடத்தைத் தொலைச்சிருக்கீங்க" என்றார் செயலாளர். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே குளிர்சாதனம் கிடையாது, ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. வருகிற உறைகளைப் பிரித்து, பிரிவு பிரிவாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். துணைச் செயலாளர் அந்த ஆணையைப் பார்த்தார். சம்பளம் குறையவில்லையே, வேலை போகவில்லையே, கொஞ்ச நாள் கழித்து நாமே திரும்பக் கொண்டுவந்துவிடலாமே என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். அவள் தபாலோடு வரும்போதெல்லாம் அவருக்குத் தொலைபேசியில் அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது.

பிள்ளைகள் பதிந்துவிட்டார்கள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று போனில் கெஞ்சினாள், கொஞ்சினாள், மிரட்டினாள். அவர் பிடி கொடுக்காமல் நழுவிப் பார்த்தார்.

"வேலை இருக்கும்மா."

"ரொம்பத்தான் பண்ணாதே. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. உனக்குப் பேர் வைக்கப்போறாங்கண்ணே!"

கூடத்தில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் அத்தனை கைகளும் உயர்ந்து விரல்கள் படபடத்தன. அவர்களுடைய கைதட்டல் அதுதான். சத்தமே இல்லாத அந்தக் கைதட்டலில் மனிதர் கூனிக் குறுகிப் போனார். மந்திரி தட்டியபோது நிமிர்ந்து நின்றவர் இவர்தான்.

தங்கை முன்னால் நின்று கையாலும் வாயாலும் ஒருசேரப் பேசினாள். "நம்ம பள்ளிக்கூடம் வரைபடத்துல இல்லாமப் போச்சு. அதைக் கண்டுபிடிச்சு, அலைஞ்சு திரிஞ்சு, திரும்பச் சேர்த்தது இவர்தான். எங்க அண்ணன்."

பிறகு முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். குட்டைப் பின்னல், துறுதுறுவென்ற கண்கள். அவர் கேட்காமலேயே அது சுட்டி என்று தெரிந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு கட்டம் போட்டாள். மேலேயிருந்து ஒரு கோட்டை இழுத்து வந்து அந்தக் கட்டத்தோடு சேர்த்தாள். பிறகு அவரைச் சுட்டிக் காட்டினாள். கூடம் முழுக்கப் பிள்ளைகள் அதையே செய்தார்கள். எத்தனையோ கட்டங்கள், எத்தனையோ கோடுகள், எல்லாம் அவர் பேர்.

"கட்டத்தைச் சேர்த்தவர்னு வச்சிருக்காங்கண்ணே" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நல்ல எண்ணத்தில் பேசினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வாந்தி வருவதுபோல் வந்துவிட்டது, அவ்வளவுதான். தங்கையின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில், "அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னதே நான்தாம்மா" என்றார். "எழுத்து பெரிசா வரணும்னு எடுக்கச் சொன்னேன். பழி அந்தக் கணினிப் பொண்ணு மேல விழுந்தது. நான் வாயே திறக்கல."

தங்கையின் கைகள் காற்றில் அப்படியே நின்றன. அந்தப் பிள்ளைகளுக்குக் கை நின்றால் பேச்சு நின்ற மாதிரி. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் ஒரு பொய் சொல்லி, அதற்கு அவள் அடி வாங்கியபோதுகூட இப்படிப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல உக்காந்து நான் அந்த மடையனைத் திட்டினேனே" என்றாள். "நீ தண்ணி கொண்டு வந்து குடுத்தே."

"இவங்ககிட்டச் சொல்லிடும்மா."

"நான் சொல்ல மாட்டேன். உன் மனசு லேசாகணும்னு இதுங்க மூஞ்சி வாடணுமா? இன்னிக்கு வேண்டாம்ணே."

ஆனால் இருவரும் முதுகைத் திருப்பிக்கொள்ள மறந்திருந்தார்கள். சுட்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் பார்வை அவருடைய உதட்டில் இருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தி எதையோ கேட்டாள்.

தங்கை உணர்ச்சியே இல்லாத குரலில், "நிஜமான்னு கேக்குறா" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டுவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. அவர் தலையாட்டினார். கடைசி வரிசைவரை எல்லோருக்கும் அது புரிந்தது. எதற்கென்று புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கையால் சொன்னார்கள். அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போவதை அவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். இவ்வளவு விவரமாகத் தன் அவமானம் நடந்து போவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுட்டி யோசித்தாள். பிறகு மறுபடி காற்றில் கட்டம் போட்டாள். உள்ளங்கையால் அதை அழித்தாள். திரும்ப அதே இடத்தில் கட்டம் போட்டாள். அவரைச் சுட்டிக் காட்டினாள். ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் அதைச் செய்து பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் முறைக்கவுமில்லை. புதுப் பேரைப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வாசல்வரை வந்த தங்கையிடம், "கோபமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"கோபத்துல வச்ச பேர் இல்ல. நீ செஞ்சதைத்தான் வச்சிருக்காங்க" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"தபால் பிரிவுல."

அவள் திரும்பி உள்ளே போனாள். எப்போதும் கார் கிளம்பும்வரை நின்று கையசைக்கிறவள்.

அடுத்த கூட்டம் அதே நீள மேஜையில், அதே மின்விசிறிக்குக் கீழே. புது வரைபடம் மாட்டியாகிவிட்டது. வலது மூலையில் அந்தச் சின்னக் கட்டம் மறுபடி துருத்திக்கொண்டிருந்தது. மற்ற எழுத்துகள் கொஞ்சம் சிறுத்திருந்தன. செயலாளர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"என்ன சார், அந்தப் பள்ளிக்கூடத்துல உங்களைப் பெரிசாக் கொண்டாடினாங்களாமே! கையாலயே ஏதோ பேர் வச்சாங்களாம். எங்க, செஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் தபால் பிரிவுப் பெண் உறைகளோடு உள்ளே வந்து, கூட்டம் நடப்பதைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றாள். துணைச் செயலாளருக்குக் கண் தன்னை அறியாமல் மேலே போனது. அதே அழுக்கு, அதே இறக்கை. கண்ணைக் கீழே இறக்குவதற்கு அவர் படாதபாடு பட வேண்டியிருந்தது.

எழுந்து நின்றார். இரண்டு விரல்களால் கட்டம் போட்டார். உள்ளங்கையால் அழித்தார். மறுபடி போட்ட கட்டம் கோணலாக வந்தது.

"நல்லா இருக்கே. என்ன அர்த்தம்?" என்றார் செயலாளர்.

"அழிச்சுட்டுத் திரும்பப் போட்டவன்னு அர்த்தம் சார். அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னது நான்தான். எங்கயாவது வரணுமேன்னு அந்த அம்மா கேட்டாங்க. நான்தான் எடு எடுன்னு சொன்னேன். அன்னிக்கு இதே இடத்துல அவங்க சாரி சொன்னாங்க. நான் பேசாம உக்காந்திருந்தேன்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் தங்கள் பேனாவில் ஏதோ அதிசயத்தைக் கண்டவர்கள்போல் குனிந்துகொண்டார்கள். செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. அதான் சரிபண்ணியாச்சே. இதை இப்பப் பெரிசு பண்ண வேண்டாம். அவங்களைத் திரும்பப் பிரிவுக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது அவள் மேஜைக்கு வந்தாள். அவருக்கு வந்த உறைகளைத் தனியாகப் பிரித்து வைத்தாள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கில்தான் இருந்தது.

"நான் அன்னிக்கு உங்களைத்தான் சார் பார்த்தேன்" என்றாள் அவள். "நீங்க ஃபேனைப் பார்த்துட்டு இருந்தீங்க."

பிறகு பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.

"தபால் வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க சார். இன்னும் நாலு பிரிவுக்குப் போகணும்."